வாசலோடு முடிவதில்லை தூய்மை



ஷஅபான் மாதத்தின் கடைசி வாரங்களில் ஆம்பூரின் முஸ்லிம் தெருக்களில் நடந்து பாருங்கள். ரமழானை வரவேற்க வீடுகள் வெள்ளை அடிக்கப்படுகின்றன. பரணில் பத்தாண்டு உறங்கிய சாமான்கள் கீழே இறங்குகின்றன. உட்கார்ந்து உட்கார்ந்து குழிவிழுந்த சோபா, பிள்ளைகள் நனைத்துக் கறைபட்ட ஃபோம் மெத்தை, படம் வராத தொலைக்காட்சி, கல் தேய்ந்த கிரைண்டர், கண்ணாடி உடைந்த பீரோ, சாயம்போன ரெக்ஸின் பைகள். பிறகு ஒரு குட்டியானை வண்டி வருகிறது. சாமான் ஏறுகிறது, கூலி கைமாறுகிறது, வீட்டுக்காரர் சொல்கிறார்: "தம்பி, எங்கேயாவது போட்டுடுப்பா." வண்டிக்காரர் "சரி பாய்" என்கிறார். வீடு தூய்மையாகிவிட்டது, நோன்புக்கு ஆயத்தமாகிவிட்டோம் என்ற மனநிறைவோடு கதவு சாத்தப்படுகிறது.

அந்த 'எங்கேயாவது' என்ற சொல்லோடுதான் நமக்கு வழக்கு. அது ஓர் இடத்தின் பெயர் அன்று. ஆனால் சாமான் போய்ச் சேரும் இடத்திற்குப் பெயர் உண்டு. அங்கே மண் உண்டு, கிணறு உண்டு, குடியிருக்கும் மக்கள் உண்டு.

பழைய சாமான் வீட்டைவிட்டு வெளியேறும் வழி இரண்டு. பழைய இரும்புக்காரர் வரும்போது பொருள் வெளியே போகிறது, காசு உள்ளே வருகிறது. இரும்பு, செம்பு, பித்தளை, அலுமினியம், காகிதம், அட்டை, தண்ணீர் பாட்டில் ஆகியவை அவருக்குச் சரக்கு. அவற்றை அவர் ஆற்றில் எறிய மாட்டார். எறிந்தால் அவருக்குத்தான் நட்டம். அவர் எடுக்க மறுப்பவை ஃபோம், ரெக்ஸின், தெர்மோகோல், குழல்விளக்கு, நைந்த துணி, இடித்த சுவரின் செங்கற்கூளம். இவற்றுக்கு வாங்குவார் இல்லை. எனவே இங்கே பொருளும் வெளியே போகிறது, காசும் வெளியே போகிறது. வண்டிக்காரரின் வருமானம் நம் வாசலிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப்பின் அவர் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அவருடைய டீசல், அவருடைய நேரம். அப்படியிருக்க, மிக அருகில், யாரும் கேள்வி கேட்காத இடத்தில் கொட்டிவிட்டுத் திரும்புவதே அவருக்கு ஆதாயம். அவர் கெட்டவர் என்பதால் இது நடக்கவில்லை. பேரம் பேசி நாம் கொடுக்கும் கூலியே அதற்கு மேல் அவரைப் போகவிடாது. இருநூறு ரூபாய் குறைத்துவிட்டோம் என்று மகிழும்போது, குறைந்தது தூரம் என்பதை நாம் எண்ணுவதில்லை.

அந்தக் குறைந்த தூரத்தில் இருப்பது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவும் முட்புதராகவும் கிடப்பதால் அது ஆறு என்பதே நம் பிள்ளைகளுக்கு மறந்துவிட்டது. தேசிய நெடுஞ்சாலையின் சேவைச் சாலை ஓரங்களும் ஏரிக்கரைகளும் அடுத்த தேர்வு. 2011 கணக்கெடுப்பின்படி ஆம்பூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,14,608. வேலைக்கென நாள்தோறும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்துபோகும் பெண்களையும் ஆண்களையும் சேர்த்தால் ஊர் இன்னும் பெரிது. இத்தனை பேரின் கழிவைக் காலி மனைகளும் ஆற்றுப் புறம்போக்கும் எத்தனை காலம் தாங்கும்?

நம் ஊரின் கழிவுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. ஷூ தொழிற்கூடங்களிலும், வீட்டோடு நடக்கும் மேற்பாகம் தைக்கும் வேலைகளிலும் மிஞ்சும் தோல் துண்டுகள் சாக்கு சாக்காக வெளியேறுகின்றன. குரோமியம் கொண்டு பதனிட்ட தோல் எளிதில் மட்காது. மட்காமல் இருக்கத்தானே அதைப் பதனிடுகிறோம்? ஆகவே அதற்குத் தீ வைக்கிறார்கள். அந்த நாற்றம் ஆம்பூர்க்காரர் எவருக்கும் புதிதன்று. தோலில் இருக்கும் குரோமியம் தன் நிலையில் பெரிய தீங்கு செய்யாது என்பர். ஆனால் திறந்த வெளியில் எரிக்கும்போது அதில் ஒரு பகுதி ஹெக்ஸாவேலண்ட் குரோமியமாக மாறக்கூடும். அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். அந்தச் சாம்பல் மழையில் கரைகிறது, புகையோ அருகிலுள்ள குடிசைக்குள் நுழைகிறது. அஸர் தொழுதுவிட்டுத் திரும்பும் பெரியவர் தம் தோள்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு கடந்து செல்கிறார்.

2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியது. பல்லாண்டுகளுக்குப் பின் வந்த வெள்ளத்தைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போய் நின்று, சுப்ஹானல்லாஹ் சொல்லிப் படம் எடுத்தோம். அந்த வெள்ளம் ஆற்றுப் படுகையில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வேலூரையும் காஞ்சிபுரத்தையும் நோக்கிப் போனது. கீழே இருப்பவர்களின் ஆற்று மணலில் நம் வீட்டு மெத்தையின் பஞ்சு இன்று புதைந்து கிடக்கலாம். அதற்காக அவர்கள் நம்மிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை, இம்மையில்.

'எங்கேயாவது' என்பதன் முழுப்பொருளை அறிய விரும்புவோர் இராணிப்பேட்டை வரை போய் வரலாம். தோல் பதனிடத் தேவையான குரோமியச் சேர்மங்களைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்னும் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது, ஆனால் ஒரு லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு மலையாக அங்கேயே விடப்பட்டது. மழை பெய்யும் போதெல்லாம் மஞ்சள் நீர் வழிந்து நிலத்தடிக்குப் போயிற்று. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் உலகின் மிக மாசடைந்த இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையைச் சேர்த்தது. இலாபம் பார்த்தவர்கள் கழிவை 'எங்கேயாவது' விட்டார்கள். அந்த எங்கேயாவதில் ஓர் ஊர் இருந்தது.

இன்னொன்று, 2015 ஜனவரி 31 அதிகாலை. இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. அகற்ற வேண்டியதை அகற்றாமல் தேக்கி வைத்த கசடு அது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் பகல் வேலை முடித்து உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அந்தச் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தண்ணீரில் மூழ்கி இறந்தவரை ஷஹீதுகளின் வரிசையில் வைத்து நாம் துஆச் செய்கிறோம். நம் தொழிலின் கழிவில் மூழ்கி இறந்தவருக்கு எதைச் சொல்லி துஆக் கேட்பது?

இங்கே உடனே ஒரு மறுப்பு எழும். "ஆற்றைக் கெடுத்தது தோல் ஷாப்புகள். நீதிமன்றமே அதைச் சொல்லிவிட்டது. வீட்டுச் சாமான் நான்கைப் போட்டவனையா பிடிக்கிறீர்கள்?" நீதிமன்றம் சொன்னது உண்மைதான். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வைப் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் நம் பாலாற்று வழக்கிற்குப் பெரும் பங்கு உண்டு. இது நமக்குப் பெருமையா சிறுமையா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடுகிறோம். தீர்ப்போடு விவகாரம் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு வழங்கிவிட்டு அதை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும் என்று சொல்ல நேர்ந்தது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த பிள்ளைக்கு அதற்குள் திருமணமாகிப் பிள்ளையும் பிறந்திருக்கும்.

ஆனால் அந்த மறுப்பு யாரைக் காப்பாற்றுகிறது? தொழிற்கூடத்தின் முதலாளி கழிவைப் பார்த்துச் சொன்ன அதே சொல்லைத்தான் வீட்டுக்காரர் மெத்தையைப் பார்த்துச் சொல்கிறார். அளவு வேறு, வாக்கியம் ஒன்று. மறுமையில் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்படுவது அவரவர் ஏடுதானே தவிர, பக்கத்து வீட்டுக்காரரின் ஏடு அன்று.

மார்க்கம் இதில் மௌனமாக இல்லை. நீர்நிலை, மக்கள் நடக்கும் பாதை, அவர்கள் ஒதுங்கும் நிழல் ஆகிய மூன்றிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் சாபத்தைத் தேடித்தரும் செயல்களாக எச்சரித்ததை அபூதாவூதில் காண்கிறோம். பாலாற்றங்கரை ஒரே நேரத்தில் நீர்நிலை, பாதை, நிழல் மூன்றுமாக இருக்கிறது. பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒருவரை அல்லாஹ் மன்னித்த செய்தியை மதரஸாவில் ஓதும் ஏழு வயதுப் பிள்ளையும் சொல்லும். அவர் முள்ளைத் தம் பாதையிலிருந்து எடுத்து அடுத்தவர் பாதையில் போட்டிருந்தால் அந்த மன்னிப்பு கிடைத்திருக்குமா? நாம் செய்வது அதைத்தான். அதற்குக் கூலியும் கொடுக்கிறோம்.

தூய்மையைப் பற்றி நம்மிடம் உள்ள சட்ட அறிவு வியப்பூட்டுவது. ஒளூவின் நீர் முழங்கையைத் தாண்டியதா, ஆடையில் பட்ட துளி நஜீஸா, கிணற்றில் எலி விழுந்தால் எத்தனை வாளி இறைக்க வேண்டும் என்றெல்லாம் ஃபிக்ஹு நூல்கள் நுணுகி நுணுகிப் பேசுகின்றன. நம் ஆலிம்களும் பேசுகிறார்கள். அதே ஃபிக்ஹு அண்டை வீட்டாருக்கு ஏற்படும் தீங்கைப் பற்றியும் பேசியிருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் இப்னுர் ராமி, மாலிக்கி மத்ஹபின் தீர்ப்புகளைத் திரட்டி ஒரு நூலே செய்தார். குளியலறைகளின் புகை, தோல் பதனிடும் இடத்தின் துர்நாற்றம் போன்றவை அண்டை வீட்டாரைத் துன்புறுத்தினால் அதைத் தடுக்க வேண்டிய தீங்காகக் கருதும் விவாதங்கள் அதில் உண்டு. ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் காழிகளின் முன் வழக்காக நின்ற விஷயம், நம் ஜும்ஆ மேடையில் ஏன் தலைப்பாக நிற்பதில்லை? ஒளூவைப் பற்றிப் பத்துப் பயான்கள் கேட்கும் நமக்கு, ஒளூ செய்த நீர் எந்தக் கால்வாயில் போகிறது என்பதைப் பற்றி ஒன்றாவது கேட்கக் கிடைக்கட்டும்.

கழிவை ஸதகாவாக மாற்றும் வித்தையையும் இங்கே சொல்லியாக வேண்டும். எங்காவது வெள்ளமோ தீ விபத்தோ நடந்தால் நிவாரணத்திற்கென்று வந்து குவியும் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஜிப் அறுந்த கால்சட்டை, ஒற்றைச் செருப்பு, கழுத்து கிழிந்த குர்தா. கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே வாங்கிக்கொள்ளாத மட்டமான பொருளை அறமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்று அல்பகறா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தடுக்கிறது. அந்த மூட்டையைத் தரம் பிரித்து, பாதியை மறுபடி குப்பைக்கு ஏற்றி அனுப்பும் செலவு அனாதை இல்லத்தின் தலையில் விழுகிறது. கொடுத்தவருக்கோ பரணும் காலி, நன்மையும் சேர்ந்துவிட்டது என்ற கணக்கு.

இத்தனைக்கும் பழம்பொருளைச் சரக்காக்கும் கலையில் நம் சமுதாயம் முன்னோடி. சென்னையில் பழைய சாமான் கடைக்குக் 'காயலான் கடை' என்று பெயர். அத்தொழிலில் ஈடுபட்ட காயல்பட்டினத்து முஸ்லிம்களிடமிருந்து வந்த பெயர் அது என்பர். நம் தோல் தொழிலும் அடிப்படையில் என்ன? இறைச்சிக்காக அறுத்த ஆட்டின் மிச்சத்தை வீணாக்காமல் பொருளாக்கும் தொழில். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆம்பூரின் தொழிலுக்கு இதைவிடச் சிறந்த ஆதாரம் வேண்டுமா? அப்படிப்பட்ட ஊரில், பழைய இரும்பு வாங்க மூன்று சக்கர வண்டி தள்ளி வரும் மனிதரை வாசற்படியில் உட்காரவிடத் தயங்குகிறோம். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டால் பிளாஸ்டிக் டம்ளர் தேடுகிறோம். உலகமெங்கும் உள்ள கால்களுக்குச் செருப்புத் தைக்கும் ஊர் இது. தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்ட நபியின் உம்மத் நாம். வார் அறுந்த செருப்பை நம் வீட்டுப் பிள்ளைகள் தைக்கக் கொடுப்பதே இல்லை.

"பெரிய நகரங்களில் இந்தத் தொல்லை இல்லை, போன் செய்தால் வந்து எடுத்துப் போகிறார்கள்" என்று பெரியமேட்டில் தோல் வணிகம் செய்யும் நம் சகோதரர்கள் சொல்வதுண்டு. சென்னையில் பழைய மெத்தை, சோபா போன்றவற்றை வீட்டிலிருந்தே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை மாநகராட்சி 2025இல் தொடங்கியது, அது பாராட்டத்தக்கதே. ஆனால் விளம்பர அட்டை ஒட்டிக்கொண்டு 'எல்லாம் காலி செய்து தரப்படும்' என்று வரும் தனியார் வண்டிகளிடம், எங்கே இறக்குவீர்கள் என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? பல்லாண்டுகளாகச் சென்னையின் கழிவு போன இடம் கொடுங்கையூர். 300 ஏக்கருக்கும் மேல் பரந்த அந்தக் குப்பைமேட்டின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் கோடீஸ்வரர்கள் அல்லர். நகரம் பெரிதானால் 'எங்கேயாவது' கொஞ்சம் தள்ளிப் போகிறது. பெரியமேட்டு வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத தூரம், அவ்வளவே.

"வீட்டு வரி கட்டுகிறோம், நகராட்சி எடுக்கட்டும்" என்பது அடுத்த மறுப்பு. எடுக்கத்தான் வேண்டும், எடுக்காத நகராட்சியைக் கேள்வி கேட்கவும் வேண்டும். ஆனால் காலையில் விசில் ஊதிக்கொண்டு வரும் அந்தப் பெண் தொழிலாளியின் கையில் நாம் தருவது என்ன? மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துத் தரும் கடமையை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக்காரர் மேல்தான் வைத்தன. பிள்ளையின் டயப்பர், மீந்த பிரியாணி, உடைந்த வளையல், ஷேவிங் பிளேடு எல்லாம் ஒரே கறுப்புப் பையில் முடிச்சுப் போடப்பட்டு வருகிறது. அதை அவர் வெறுங்கையால் பிரிக்கிறார். அடியானின் உரிமையை அந்த அடியான் மன்னிக்காதவரை அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்று ஹக்குல் இபாதைப் பற்றிப் பயான் கேட்கிறோம். அந்தப் பெண்ணின் விரலில் ஏறிய கண்ணாடிச் சில்லு எந்தக் கணக்கில் வரும்?

இனி, செய்யக் கூடியது என்ன என்று கேட்போருக்குச் சில.

வண்டிக்காரரின் கூலியைப் பிடித்து வைக்காதீர்கள். வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. அதற்குப் பதிலாக, எங்கே இறக்க வேண்டும் என்பதைப் பேசி முடித்து, அந்தத் தூரத்திற்கான கூலியை முழுதாகக் கொடுங்கள். வீட்டு இளைஞர் ஒருவரை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். பெரிய செலவன்று, அரை மணி நேர வேலை. ஆற்றங்கரையில் கொட்டுவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை மறுபடி அதே வார்த்தையைச் சொல்லுமா என்று பார்ப்போம்.

ஒவ்வொரு மஹல்லாவும் ஷஅபானில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாம். மதரஸா வளாகத்தில் பழைய சாமான்களைச் சேர்த்து, பயன்படுபவற்றைப் பழுது பார்த்து வேண்டுபவருக்குக் கொடுத்து, விலைபோவதைப் பழைய இரும்புக் கடைக்கு விற்று, எதற்கும் ஆகாததை மட்டும் நகராட்சியோடு பேசி ஒரே வண்டியில் உரிய இடத்திற்கு அனுப்பலாம். தனித்தனி வீடாகப் போனால் நகராட்சி காது கொடுக்காத விஷயத்திற்கு, ஜமாஅத் தலைப்புத் தாளில் போனால் பதில் வரும். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

குர்பானி நாள்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். முன்பெல்லாம் தோலை மதரஸாவுக்குக் கொடுத்தோம். அதை விற்ற பணத்தில் ஏழைப் பிள்ளைகள் ஓதினார்கள். தோல் விலை சரிந்தபின், வாங்க ஆளின்றி உப்பிடப்படாத தோல்கள் நாறிக் கிடக்கும் நிலை பல ஊர்களில் வந்துவிட்டது. தோல் தொழிலின் பெயரால் அறியப்படும் நம் வட்டாரத்திலாவது, குர்பானித் தோலை அன்றே உப்பிட்டு எடுத்துக்கொள்ளும் பொறுப்பைத் தொழிலதிபர்கள் ஏற்கட்டும். விலை எவ்வளவு என்பது அதற்குப் பிறகு. குடலையும் இரத்தத்தையும் கால்வாயில் தள்ளாமல் புதைக்கக் குழி தோண்டுவதற்கு அறிஞர்களின் ஃபத்வா தேவையில்லை, இரண்டு மண்வெட்டி போதும்.

கடைசியாகத் திருமண மண்டபங்கள். ஆம்பூர் பிரியாணியின் புகழைப் பாடும் நாம், வலீமா முடிந்த இரவில் மண்டபத்தின் பின்வாசலுக்குப் போய்ப் பார்ப்பதில்லை. எலும்பு, சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, தயிர்ப்பச்சடி, ஃபாயில் தட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒன்றாகக் குவிந்து, விடியுமுன் ஏதோ ஒரு வண்டியில் எங்கோ போகிறது. உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாள்களுக்கு முன் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. தெருவில் பந்தல் போட்டு நடத்தும் விருந்துகளுக்கு இது நேராகப் பொருந்தும். மண்டபங்களுக்கும் ஜமாஅத் இதையே நிபந்தனையாக்கலாம். நிகாஹ் பதிவுப் புத்தகம் ஜமாஅத்தின் கையில்தான் இருக்கிறது. மஹர் எவ்வளவு, வலி யார், சாட்சிகள் யார் என்று எழுதும் அதே நாளில், விருந்தின் மிச்சத்தை யார் எடுக்கிறார், எங்கே கொண்டுபோகிறார் என்றும் முத்தவல்லி கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பதில் 'எங்கேயாவது' என்று வந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு மணமகன் வீட்டாரை மறுநாள் வரச் சொல்லலாம்.